மொய் எழுதப் பணமில்லாத வீட்டை எந்தக் கட்டத்தில் குறிப்பது?

சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் மாநிலத் திட்டக்குழுவினருக்கு வணக்கம்.

நான் இருபத்தாறு வருடம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவள். நுகர்வுச் செலவு, வேலை, கடன், மருத்துவம் என்று எந்தப் படிவம் வந்தாலும் பையில் போட்டுக்கொண்டு புளியந்தோப்பிலிருந்து வேளச்சேரி வரை நடந்திருக்கிறேன். "போன முப்பது நாள்ல துவரம்பருப்பு எத்தனை கிலோ வாங்கினீங்க?" என்று நான் தூக்கத்தில் கேட்பதாக என் வீட்டுக்காரர் சொல்வார். ஓய்வு பெற்றாகிவிட்டது. இனி யாரும் மெமோ கொடுக்க முடியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

எழுத வைத்தது ஓர் எண். 2.2. மத்திய அரசின் நிதி ஆயோக் 2023-ல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டில், அதாவது காசை மட்டும் பார்க்காமல் உடல்நலம், படிப்பு, வீட்டு வசதி என்று பன்னிரண்டு கட்டங்களில் குறையைக் குறித்து ஏழைகளை எண்ணும் கணக்கில், தமிழ்நாட்டு ஏழைகளின் சதவீதம் அது. 2015-16 கணக்கெடுப்பில் 4.76 சதவீதமாக இருந்த ஏழைகள், 2019-21 கணக்கெடுப்பில் 2.20 சதவீதம் ஆகிவிட்டார்கள். நாடு முழுவதற்கும் அப்போது 14.96. இந்தப் பின்னணியில்தான் 2024 பட்ஜெட்டில் இன்னும் மிச்சமிருக்கும் ஐந்து லட்சம் பரம ஏழைக் குடும்பங்களை இரண்டு வருடத்தில் கைதூக்கிவிடுவதாகத் தாயுமானவர் திட்டம் அறிவிக்கப்பட்டது. எல்லாருக்கும் ரேஷன், சத்துணவு, காலை உணவு, ஆரம்ப சுகாதார நிலையம் என்று இந்த மாநிலம் பாடுபட்டுச் சம்பாதித்த எண். அதை நான் குறை சொல்ல வரவில்லை. தலா வருமானத்தில் நாட்டுச் சராசரியைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வந்துவிட்ட ஒரு மாநிலம், அதிலும் சென்னை மாதிரி ஓர் ஊர், இன்னும் அந்த ஒரு கோலை வைத்துத்தான் அளக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். கால்வாய் ஓரங்களிலிருந்தும் ஆற்றங்கரைகளிலிருந்தும் ஜனங்களைப் பெயர்த்து 2000-த்திலிருந்து ஊருக்குத் தெற்கே குடியமர்த்தினார்களே, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று, அந்த மாதிரி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அந்த அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். மந்தைவெளியில் நாலு வீட்டு வேலை. பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் குடியிருந்தபோது நடந்தே போய்வந்தது. இப்போது காலை நாலே முக்காலுக்கு எழுந்து பஸ் பிடிக்கிறார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது பெரிய ஆறுதல். ஆனால் போக ஒன்றரை மணி நேரம், திரும்பி வர இரண்டு. கணவர் பெயின்டர். மழைக்காலத்தில் வேலை இருக்காது.

இந்த வீட்டைக் குறியீட்டின் பன்னிரண்டு கட்டங்களிலும் நிறுத்திப் பார்ப்போம். கரண்ட் இருக்கிறது. சிலிண்டர் இருக்கிறது. கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே. தண்ணீர் கீழே குழாயில், அரை மணிக்குள் பிடித்து வந்துவிடலாம். தரையும் சுவரும் சிமென்ட். பேங்க் பாஸ்புக் உண்டு. கர்ப்ப காலக் கவனிப்புக்கு ஆஸ்பத்திரி அட்டை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், எல்லாம் சரி. படிப்புக் கட்டத்தில் வீட்டில் பத்து வயது தாண்டிய யாராவது ஒருவர் ஆறு வருடம் படித்திருந்தால் போதும். பையன் பத்தாவது முடித்தவன், அதனால் குடும்பமே பாஸ். பொருள் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. ரேடியோ, டிவி, போன், சைக்கிள், ஃபிரிட்ஜ் மாதிரியான பட்டியலில் ஒன்றுக்கு மேல் வைத்திருந்தால் குறையில்லை. அந்த வீட்டு மூலையில் பழைய துண்டு போர்த்தி ஒரு டிவி நின்றது. 2006-க்குப் பிறகு அரசாங்கம் கொடுத்த அதே வண்ணத் தொலைக்காட்சி. அதில் படம் தெரிந்து வருடக்கணக்கு ஆகிறது, மேலே சாமி படம் வைத்திருந்தார்கள். டிவி ஒன்று, போன் ஒன்று, ஆகக்கூடி இரண்டு. தீர்ந்தது. மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் அளவுக்குக் குறை இருந்தால்தான் ஏழை. இந்த வீட்டுக்குக் கிடைத்தது பூஜ்யம்.

படிவத்தை மடித்துக்கொண்டு கிளம்பும்போது ஆணியில் செருகியிருந்த கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தேன். நாலு மூலையிலும் மஞ்சள். தேதி இரண்டு நாளுக்கு முன்னால் போய்விட்டிருந்தது. சும்மா பேச்சுக்கு, "யாரு வீட்டு விசேஷம், போய்ட்டு வந்தீங்களா?" என்றேன்.

"எங்கக்கா போறது? ஆயிரமாச்சும் எழுதணும். என் பொண்ணு சடங்குக்கு அவங்க ஆயிரத்தைந்நூறு வச்சாங்க. வெறுங்கைய வீசினு போய் நிக்க முடியுமா? ஜொரம்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். உள்ளேயிருந்து மகள், "மூணாவது ஜொரம் இந்த வருஷம்," என்றாள்.

படிவத்தில் இதை எழுத இடமில்லை. இடமில்லை என்பதுகூடச் சரியில்லை. ரொக்கமாகக் கொடுக்கும் மொய் நுகர்வுச் செலவே கிடையாது, அது கைமாறிப் போகும் பணம் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். பொருளாதாரப்படி சரிதான். ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் இல்லாததால் ஒரு குடும்பம் தன் உறவுக்குள்ளிருந்து ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. பையனுக்கு வேலை சொல்லிவிடுகிறவர்கள், ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறவர்கள், அவசரத்துக்கு மூவாயிரம் புரட்டித் தருகிறவர்கள், எல்லாரும் அந்தக் கல்யாண மண்டபத்தில்தான் இருந்தார்கள். (புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் மொய் விருந்து என்றே தனியாக நடத்துவார்கள், அங்கே மொய் ஒரு பேங்க். சென்னையில் அது மண்டபத்துக்குள் போக டிக்கெட்.)

இது நான் கண்டுபிடித்த விஷயமில்லை. 1776-லேயே பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் எழுதிவிட்டார். லினன் சட்டை உயிர்வாழத் தேவையில்லை, பழைய கிரேக்கரும் ரோமானியரும் அது இல்லாமலே சௌக்கியமாக வாழ்ந்தார்கள். ஆனால் தன் காலத்து ஐரோப்பாவில் ஒரு கூலித் தொழிலாளி அந்தச் சட்டை இல்லாமல் நாலு பேர் முன்னால் வரக் கூசுவான், அதனால் அது அத்தியாவசியம் என்றார். நம் காலத்துப் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். வெட்கமில்லாமல் வெளியே தலைகாட்ட முடிவது எல்லா ஊரிலும் மனிதருக்கு வேண்டியதுதான், ஆனால் அதற்கு ஆகும் செலவு ஊருக்கு ஊர் மாறும், ஊர் பணக்கார ஊராக ஆக ஆக அந்தச் செலவும் ஏறும் என்பது அவர் வாதம். மந்தைவெளி அக்காவுக்கு அந்தச் சட்டை மொய்க்கவர்.

இங்கிலாந்தில் யார்க் என்று ஒரு நகரம். அங்கே சீபோம் ரவுண்ட்ரீ என்பவர், சாக்லேட் கம்பெனிக் குடும்பத்துக்காரர், 1899-ல் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். எங்கள் தொழிலுக்கு அவர் முப்பாட்டன் மாதிரி. ஐந்து பேர் குடும்பத்துக்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ், அதற்குக் கீழே போனால் ஏழை என்று வறுமைக்கோடு போட்டார். எவ்வளவு கறாரான கோடு என்பதை அவரே விளக்கினார். அந்தக் காசில் வாழும் குடும்பம் ரயிலேறக் கூடாது, அரைப் பென்னி பேப்பர் வாங்கக் கூடாது, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் போடக் கூடாது, தபால்தலைக்குப் பணமில்லை. உடம்பை இயங்க வைக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் கணக்கு. அதே மனிதர் 1936-ல் அதே ஊரில் மறுபடி கணக்கெடுத்தார். இம்முறை கோட்டுக்குள் பேப்பர் இருந்தது, ரேடியோ இருந்தது, கொஞ்சம் பீரும் புகையிலையும்கூட இருந்தன. ஊர் வசதியாகிவிட்டது, கோலை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. போட்ட கோட்டைத் திரும்ப அழிக்கிற மனசு எங்கள் தொழிலில் அபூர்வம். எனக்கு அவரைப் பிடிக்கும்.

நம் நாட்டு வறுமைக்கோட்டின் கதை வேறு. 1962-ல் ஒரு குழு, 1960-61 விலையில் தலைக்கு மாதம் 20 ரூபாய் என்று சொன்னது. படிப்பையும் வைத்தியத்தையும் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று அந்த இரண்டையும் கணக்கிலிருந்து கழற்றிவிட்டது. 1979-ல் நகரத்து ஆளுக்கு 2,100 கலோரி, கிராமத்து ஆளுக்கு 2,400 என்று கோடு தட்டுக்குள் போனது. பொருளாதார நிபுணர் சுரேஷ் டெண்டுல்கர் தலைமையிலான குழு 2009-ல் கலோரியை விட்டு வெளியே வந்தது, ஆனால் தொகை பெரிதாக ஏறவில்லை. 2011-ல் உச்ச நீதிமன்றத்தில் திட்டக்குழு (டெல்லித் திட்டக்குழு, நீங்கள் இல்லை) நகரத்தில் ஒரு நாளைக்கு 32 ரூபாய் போதும் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவிருக்கும். அந்த மாதம் படிவத்தோடு போன வீடுகளில் என்னை உட்கார வைத்து, "முப்பத்திரண்டு ரூவா மேடம் வந்துட்டாங்க" என்றார்கள். 2011-12-க்குத் தமிழ்நாட்டு நகர்ப்புறக் கோடு மாதம் 937 ரூபாய். பிறகு 2014-ல் நம் கோட்டூர்புரத்துப் பொருளாதாரப் பள்ளியோடு சம்பந்தப்பட்ட சி. ரங்கராஜன் தலைமையிலான குழு, நாட்டின் நகர்ப்புறத்துக்கு 1,407 ரூபாய் என்று கொஞ்சம் உயர்த்தித் தந்தது. அதை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அதோடு கோடு போடுகிற வேலையே நின்றுவிட்டது.

937-ஐ விலைவாசிக்கு ஏற்றபடி உயர்த்தினாலும் 2023-24-ல் தலைக்கு இரண்டாயிரத்தைத் தாண்டாது. நாலு பேருக்கு எட்டாயிரம். அதே வருடத்து நுகர்வுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு நகரங்களில் ஒருவருடைய சராசரி மாதச் செலவு 8,165 ரூபாய். ஒருவர் சராசரியாகச் செலவழிக்கும் தொகையில் நாலு பேர் வாழ்ந்தால் அவர்கள் ஏழைகள் இல்லை என்று பழைய கோடு சொல்லும்.

இனி வாடகைக்கு வருகிறேன். சென்னையில் வறுமையைப் பற்றிப் பேசிவிட்டு வாடகையைப் பேசாமல் போவது, சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு அரிசியை விடுவது போல.

நுகர்வுச் செலவை வைத்து ஏழையை அளக்கும் முறையில் ஒரு விநோதம் உண்டு, எத்தனை பேர் கவனித்திருப்பீர்களோ. வாடகை, செலவுக் கணக்கில் சேரும். ஆஸ்பத்திரி பில் சேரும். ஒரே சந்தில் இரண்டு குடும்பங்கள், இரண்டுக்கும் ஒரே சம்பளம். ஒருவர் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில் இருக்கிறார், இன்னொருவர் மாதம் ஐந்தாயிரத்தைந்நூறு வாடகை கட்டுகிறார். என் படிவத்தில் வாடகைக்காரர்தான் 'அதிகம் நுகர்கிறவர்', ஆகவே வசதியானவர். அவருடைய அம்மாவுக்கு டயாலிசிஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் வசதியாகிவிடுவார். அந்தப் பில்லைக் கட்டத் தண்டல் வாங்கினால், பத்தாயிரம் கேட்டவருக்கு ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுத்து தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வசூல் செய்வார்களே, அந்தத் தினசரி நூறு ரூபாய் எங்கேயும் வராது. கடனை அடைப்பது நுகர்வு இல்லை. அவர் வயிற்றைக் கட்டித்தான் அடைக்கிறார் என்பதை நான் பருப்புக் கேள்விக்கு வரும் பதிலில்தான் தெரிந்துகொள்வேன். "அரை கிலோ எழுதிக்கோங்க மேடம்" என்று சொல்லும்போது குரல் மாறும்.

அயனாவரத்தில் என் தெருவிலேயே ஒரு வளைவு வீடு. நாலு போர்ஷன், ஒரு மீட்டர். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்று அரசு கொடுக்கிறது, 2016-லிருந்து. அது மீட்டருக்குச் சொந்தக்காரரின் கணக்குக்குப் போகிறது. குடித்தனக்காரர்களுக்கு சப்-மீட்டர், யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய். முதல் யூனிட்டிலிருந்தே ஒன்பதுதான். ஏழைக்கென்று எழிலகத்திலிருந்து கிளம்பிய சலுகை வீட்டுக்காரம்மா வாசலோடு நின்றுபோவதை எந்த அட்டவணையும் காட்டாது. மகளிர் உரிமைத் தொகைக்கு 2023-ல் நிபந்தனை வைத்தார்கள், குடும்ப வருமானம் வருடத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள், கார் இருக்கக் கூடாது என்று. வசதியை அளக்க மின்சாரம் நல்ல கோல்தான், மறுக்கவில்லை. நாலு போர்ஷனுக்கு ஒரு மீட்டர் இருக்கும் வீட்டில் அந்த 3,600 யாருடையது?

அட்வான்ஸ் இன்னொரு கதை. 2017-ல் வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் முன்பணம் என்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது வேறு. எழுதிக்கொள்ளாமலா இருப்பார்கள். வீடு மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு குடும்பம் மொத்தமாக முப்பதாயிரம் புரட்ட வேண்டியிருப்பது, அதற்காகக் கம்மல் சேட்டுக்கடைக்குப் போவது, இதெல்லாம் வறுமையா இல்லையா?

எகனாமிக்ஸ் படித்தவர்கள் இந்த இடத்தில் என்னை நிறுத்துவார்கள் என்று தெரியும். "நீங்கள் சொல்வது ஏற்றத்தாழ்வு, வறுமை இல்லை. பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டு அளந்தால் சொர்க்கத்திலும் ஏழைகள் இருப்பார்கள்." நியாயமான பேச்சு. ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லாரையும் வருமான வரிசையில் நிற்க வைத்து நட்டநடுவில் நிற்பவரின் வருமானத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வறுமை ஆபத்தில் இருப்பவர் என்கிறார்கள். பிரிட்டனிலும் இதே கோல்தான். அங்கே பொருளாதாரம் படுத்த பிறகு, 2010-11-ல் நடுவில் நிற்பவரின் வருமானம் சரிந்தது, கோடும் கூடவே சரிந்தது, ஏழைகள் குறைந்துவிட்டதாக அறிக்கை வந்தது. யாருக்கும் ஒரு ரூபாய் கூடவில்லை. ஆக இந்தக் கோலை அப்படியே இங்கே நட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நட்டாலும் அளக்க நம்மிடம் வருமானக் கணக்கே இல்லை, இத்தனை காலமும் செலவைத்தான் கேட்டு வந்தோம். குடும்ப வருமானத்துக்கென்று முதல் நாடு தழுவிய கணக்கெடுப்பை 2026-ல் நடத்தப் போவதாக மத்திய அமைச்சகம் 2025-ல்தான் அறிவித்தது.

அதே ஐரோப்பாவில் இன்னொரு பட்டியல் இருக்கிறது, அதுதான் என் மனசுக்குப் பிடித்தது. பதிமூன்று விஷயங்கள். திடீர்ச் செலவு வந்தால் சமாளிக்க முடியுமா, வாடகையோ பில்லோ பாக்கி இல்லாமல் கட்ட முடிகிறதா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கறியோ மீனோ அதற்குச் சமமானதோ சாப்பிட முடியுமா, காலுக்குப் பொருந்தும் இரண்டு ஜோடிச் செருப்பு இருக்கிறதா, மாதம் ஒரு முறை சொந்தக்காரரோடோ சிநேகிதரோடோ உட்கார்ந்து சாப்பிட முடியுமா, வாரத்துக்கு ஒரு சின்னத் தொகையைத் தனக்கென்று செலவு செய்ய முடியுமா. இப்படி. ஏழு இல்லையென்றால் கடுமையான இல்லாமை. இதற்கு வித்திட்ட மாதிரி பிரிட்டனில் 1983-லேயே ஒரு கணக்கெடுப்பு நடந்தது. எது அத்தியாவசியம் என்பதை நிபுணர்கள் முடிவு செய்யாமல் ஜனங்களிடமே கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் எது வேண்டும் என்றார்களோ அது பட்டியலில் ஏறியது. 2008-லிருந்து அங்கே சாதாரண ஜனங்களைக் குழுவாக உட்கார வைத்து, கண்ணியமாக வாழ என்னென்ன வேண்டும் என்று பேசிப் பேசிப் பட்டியல் போட்டு, அதற்கு விலை கட்டி, குறைந்தபட்ச வருமானம் என்று வெளியிடுகிறார்கள்.

இதை நம் ஊரில் செய்தால் எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை வந்தது. போன மே மாதம், எங்கள் ரேஷன் கடையில் சர்வர் வேலை செய்யாத ஒரு நாள். கைரேகை வைக்க முடியாமல் வரிசை அப்படியே நிழலில் உட்கார்ந்துவிட்டது. பழக்கதோஷத்தில் நோட்டை எடுத்தேன். "எது இல்லேன்னா இந்த ஊர்ல மரியாதையா குடித்தனம் பண்ண முடியாது? சொல்லுங்க, எழுதறேன்."

முதலில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது போன். போன் இல்லை, ரீசார்ஜ். "போன் யாராவது பழசு குடுப்பாங்க, இருபத்தெட்டு நாளைக்கொரு தரம் ரீசார்ஜ் யார் குடுப்பா?" என்று ஒரு பெண் கேட்டாள். வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம், ரீசார்ஜ் மட்டும் பதிமூன்று தடவை என்று அவளே கணக்கும் சொன்னாள். பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குரூப், ஓடிபி, வேலைக்குக் கூப்பிடும் மேஸ்திரி, எல்லாம் அதில்தான் வருகின்றன. அடுத்தது தாழ்ப்பாள் போட்ட கக்கூஸ், மற்ற குடித்தனங்களோடு பங்கு போடாதது. வீட்டுக்கு வருகிறவருக்கு டீயும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும். ராத்திரி ஆட்டோவுக்குக் கையில் ஐந்நூறு ரூபாய். வயசுக்கு வந்த பெண் உடைமாற்ற ஒரு மறைப்பு. ஸ்கூல் ஃபீஸ் என்று யாரும் சொல்லவில்லை, அரசுப் பள்ளியில் பிள்ளைகள். டியூஷன் ஃபீஸ் என்றார்கள். மொய் என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன், அதற்குப் பிறகு பத்து நிமிடத்துக்கு வேறு பேச்சே இல்லை.

ஃபிரிட்ஜில் சண்டை வந்தது. ஒரு பாட்டி, "நாங்கெல்லாம் பானைத் தண்ணி குடிச்சி வளரலையா, அது சொகுசு" என்றார். அவருடைய மருமகளே எதிர்த்தாள். "ரெண்டு ஷிஃப்ட் பாக்கறவ தினம் ரெண்டு வேளை சமைப்பாளா? மாவு புளிச்சிப் போனா யாரு துட்டு?" பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் யாரோ பின்னாலிருந்து, "ஏசி எழுதுங்கக்கா" என்றார்கள். எல்லாரும் சிரித்தோம், நானும்தான். சொன்னது கைக்குழந்தைக்காரி. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறையில் இருப்பவள். அவள் சிரிக்கவில்லை. "மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து என் ரூம்ல அஞ்சு நிமிஷம் உக்காருங்க. கொழந்தைய ஈரத் துணியில சுத்தி வச்சிருக்கேன்."

சிரிப்பு நின்றது. ஏசியை நான் பட்டியலில் எழுதவில்லை, 'வெயிலில் குழந்தை தூங்க ஒரு இடம்' என்று எழுதிக்கொண்டேன். சரியாகத்தான் எழுதினேனா என்று இன்னும் தெரியவில்லை. வரிசையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்கள் முக்கால் மணி நேரத்தில் செய்த வேலையை எங்கள் படிவங்கள் அத்தனை வருடத்தில் செய்யவில்லை. எது தேவை, எது ஆசை என்று அவர்கள் தமக்குள் அடித்துக்கொண்டு, ஒத்துப்போய், விட்டுக்கொடுத்து, ஒரு கோட்டைப் போட்டுவிட்டார்கள். பேராசையாக ஒன்றும் கேட்கவுமில்லை.

மேல் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், நடுவில் நிற்பவரைக் கண்டுபிடிக்க வரிசையின் இரண்டு நுனியும் தெரிய வேண்டுமல்லவா. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய அபார்ட்மென்ட் என் மாதிரிக்குள், அதாவது கணக்கெடுக்கத் தேர்ந்தெடுத்துத் தந்த வீடுகளின் பட்டியலுக்குள், வந்தது. கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினார். இன்டர்காமில் கேட்டார். வேண்டாம் என்றார்கள். அடையாள அட்டை, கடிதம், சட்டப் பிரிவு எல்லாம் காட்டினேன். மூன்று நாள் போனேன், ஒரு வீடும் திறக்கவில்லை. கடைசியில் மாற்று வீடு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று நாளும் எனக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தவர் அந்த செக்யூரிட்டிதான். பன்னிரண்டு மணி நேர ட்யூட்டி, சொந்த ஊர் செய்யாறு பக்கம், ஐந்து பேர் சேர்ந்து ஒரே அறையில் வாடகை. உள்ளே இருப்பவர்கள் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பது கணக்கில் வரவில்லை. அவர் செலவும் வரவில்லை, அவருடைய அறை என் மாதிரியில் இல்லை.

நான் கேட்பது இதுதான். சென்னைக்கென்று ஒரு தேவைப் பட்டியலைப் போடுங்கள். ஜனங்களை உட்கார வைத்துப் போடுங்கள். அதற்கு இந்த ஊர் வாடகையில், இந்த ஊர் விலையில் தொகை கட்டி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்ப உட்கார்ந்து பாருங்கள். வாடகையும் வட்டியும் போக மிச்சம் எவ்வளவு என்று ஒரு கேள்வி. வேலைக்குப் போய்வர ஆகும் நேரம் என்று ஒரு கேள்வி, ஏனென்றால் இலவசப் பேருந்து காசைத்தான் மிச்சப்படுத்தியது, அந்த மூன்றரை மணி நேரத்தை இல்லை. மீட்டர் யாருடையது என்று ஒரு கேள்வி. 2.2-ஐத் தூக்கி எறிய வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும், பசியையும் கூரையையும் அது பார்த்துக்கொள்ளட்டும். இரண்டாவது எண் முதல் எண்ணை விடப் பெரிதாகத்தான் வரும். வெளியிடும் அன்று சங்கடமாக இருக்கும், எதிர்க்கட்சிகள் பிடித்துக்கொள்வார்கள், டிவியில் விவாதம் வைப்பார்கள். ரவுண்ட்ரீயும் அதைத் தாண்டித்தான் வந்திருப்பார்.

கூட்டம் போடுவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். காலை பதினொரு மணிக்கு எழிலகத்தில் வைக்காதீர்கள், அந்த நேரத்தில் அவர்கள் மூன்றாவது வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் லீவு போட்டால் அந்தச் சம்பளம் பிடித்தம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், அவரவர் பேட்டையிலேயே வையுங்கள். அயனாவரத்தில் என்றால் இடம் நான் பார்த்துத் தருகிறேன், டீயும் என் செலவு. முகூர்த்த நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு கணக்கெடுப்பாளர்,
அயனாவரம், சென்னை.